கடித்தது ஒரே இனப் பாம்பு. ஒருவர் பிழைத்தார், ஒருவர் போய்விட்டார்: ஏன்?

கேள்வி கேட்ட தம்பி கோபிசெட்டிபாளையம் பக்கம். மூன்று மாதத்துக்கு முன்பு சோளத்தட்டு எடுக்கப் போன அவருடைய அப்பாவை, தட்டுப் போருக்கு அடியில் கிடந்த கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. 40 நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். 14 நாள் படுக்கை, 5 தடவை டயாலிசிஸ், ஆள் பிழைத்து வீடு வந்துவிட்டார். அதற்கு முந்தின வருடம் பக்கத்துத் தோட்டத்து அண்ணனைக் கடித்ததும் கண்ணாடி விரியன்தான். அவரை முதலில் மந்திரிக்கக் கூட்டிப் போய், ராத்திரி வீட்டிலேயே வைத்திருந்து, விடிகாலையில் ரத்த வாந்தி எடுத்த பிறகு கார் பிடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். “அப்பாவுக்கு 61, அண்ணனுக்கு 38. நல்ல தாட்டியான உடம்பு. ஊரில் எல்லோரும் விதி என்கிறார்கள். நிஜமாகவே என்ன வித்தியாசம்? அப்பாவுக்கு விஷம் முழுக்க இறங்கிவிட்டதா, இனிமேல் பயமில்லையா?” என்று கேட்கிறார்.

நான் ஈரோடு மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக் காலம் அவசர வார்டு, கடைசி ஆறு வருடம் டயாலிசிஸ் பிரிவு. டாக்டர் இல்லை. ஆனால் பாம்புக்கடி வந்தவர்களின் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது நாங்கள்தான், அதனால் சொல்ல விஷயம் இருக்கிறது.

வயதும் தாட்டியும் இந்தக் கணக்கில் அவ்வளவாக வராது. கடித்த பாம்புக்கு ஆள் யார் என்று தெரியாது. பெரியவருக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவு என்று அளந்து விடாது. அதனால்தான் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு மருந்து ஒரே அளவு. பெரும்பாலான மருந்தைக் குழந்தைக்கு எடை பார்த்துத்தான் கொடுப்போம், இதை அப்படிக் கொடுப்பதில்லை. இங்கே மருந்து முறிக்க வேண்டியது உள்ளே போன விஷத்தை. அந்த விஷம் எவ்வளவு என்பதுதான் முதல் வித்தியாசம், அது யார் கையிலும் இல்லை.

கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் இறக்கும் என்பது நம் நாட்டு சிகிச்சை நெறிமுறை வைத்திருக்கிற கணக்கு. ஆனால் அது 5 மில்லிகிராமாகவும் இருக்கலாம், 147 ஆகவும் இருக்கலாம். நம்மிடம் இருக்கிற விஷமுறிவு மருந்து ஒரு மில்லிக்கு 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். ஒரு குப்பி 10 மில்லி, ஆகக் குப்பிக்கு 6 மில்லிகிராம். எடுத்த எடுப்பில் 10 குப்பி ஏற்றுகிறார்களே, அது இந்தச் சராசரிக்குப் போட்ட கணக்குத்தான். சிலருக்கு அதுவே போதும், சிலருக்கு 20, 25 வரை போகும். சில கடியில் பல் பதிந்திருக்கும், விஷமே இறங்கியிருக்காது. வெறுங்கடி என்போம். இந்த வெறுங்கடியைப் பற்றிப் பின்னால் ஒரு சங்கதி சொல்ல வேண்டும், நினைவில் வையுங்கள்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று உங்கள் அப்பா கேட்டால் சொல்லுங்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் ஆரம்பித்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து செய்கிற கம்பெனிகளுக்குப் பெரும்பங்கு விஷம் அங்கிருந்துதான் போகிறது. அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுத்ததுதான் அந்தக் குப்பியில் இருக்கிற வெள்ளைப் பொடி. அந்தச் சமூகத்துப் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் வார்டில் அன்றைக்கு ஒரு நர்ஸ் சாக்லேட் வாங்கிக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன், நான் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன்.

இரண்டாவது வித்தியாசம் நேரம். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தில் கலந்ததும், ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தூண்டிவிட்டுச் செலவழித்துவிடும். உடம்பு பத்து நாளைக்கு வைத்திருக்கிற மளிகையை ஒரே ராத்திரியில் தீர்த்த மாதிரி. அப்புறம் ரத்தம் தண்ணீராக ஓடும். ஊசி குத்திய இடம், பல் ஈறு, மூத்திரம், குடல், மூளை, எங்கே வேண்டுமானாலும் கசியும்.

இதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்தது ஒரு கண்ணாடிக் குழாய். நாளத்திலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்போம். கட்டியாகி நின்றால் சரி. தண்ணீராகச் சரிந்தால் உடனே மருந்து ஏற்ற வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவியதாகவும் இருக்கக் கூடாது, இரண்டும் ஏமாற்றும். புதிதாக வந்த ஒரு பெண் அக்கறையாகக் குழாய்களை எல்லாம் விம் போட்டுத் தேய்த்து வைத்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி எங்கள் எல்லோருடைய ரத்தமும் உறையவில்லை! நாங்களே குத்திப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

மருந்து ஏற்றிய பிறகு ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பவும் அதே குழாய்ச் சோதனை. ஏன் ஆறு என்றால், மருந்து விஷத்தைத்தான் கட்டிப்போடும்; தீர்ந்துபோன உறைவுச் சரக்கைப் புதிதாகச் செய்ய வேண்டியது கல்லீரல், அதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். “ஊசி போட்டும் ஏனுங்க இன்னும் ரத்தம் நிக்கல” என்று உறவுக்காரர்கள் சண்டைக்கு வருவது பெரும்பாலும் இந்த ஆறு மணி நேரத்துக்குள்தான்.

இப்போது பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன், நான் அவரைப் பார்க்கவில்லை. சாயங்காலம் கடி, விடிகாலை ரத்த வாந்தி. நடுவில் பத்து மணி நேரம். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைப் பிடிக்கும். ஏற்கனவே கெடுத்துவிட்டுப் போனதைத் திருப்பித் தராது. அவர் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஏற்றியதும் உங்கள் அப்பாவுக்கு ஏற்றிய அதே மருந்துதான். ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தில் கெட வேண்டியது கெட்டுப்போயிருக்கும். தாட்டியான உடம்பு என்பதால் அவரும் வீட்டாரும் “ஒண்ணும் ஆகாது” என்று கொஞ்சம் அதிகமாகவே நம்பியிருக்கலாம். அப்படி நம்பிக் கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

“அப்பாவை 40 நிமிடத்தில் சேர்த்தோமே, அவருக்கு ஏன் கிட்னி போச்சு?” என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. சீக்கிரம் போனால் கிட்னிக்கு ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. கண்ணாடி விரியன் விஷம் கிட்னிக்கு நேரடியாகவும் தொந்தரவு கொடுக்கும். ரத்த அழுத்தம் இறங்குவது, சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் கட்டி அடைப்பது, உடைந்த ரத்த அணுக்களின் கழிவு சேருவது எல்லாமும் சேர்ந்து இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மூத்திரம் குறையும். அதனால்தான் பாம்புக்கடி நோயாளிக்கு மூத்திரம் எத்தனை மில்லி, என்ன நிறம் என்று மணிக்கு மணி எழுதுவோம். ஆளுங்கள் சிரிப்பார்கள். “நர்சம்மாவுக்கு வேற வேலையே இல்லீங்களா?” என்று ஒரு அம்மிச்சி கேட்டது. காபி டிகாஷன் நிறத்தில் வந்த அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

சரி, மந்திரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலேயே மந்திரித்த ஆள் உண்டு. எங்கள் அப்பாவின் மாமா வேப்பிலை அடிப்பார், காசு வாங்க மாட்டார், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். நம்ம ஊரில் கடிக்கிற பாம்பில் பாதிக்கு மேல் சாரை, தண்ணீர்ப்பாம்பு மாதிரி விஷமில்லாதது. விஷப் பாம்பிலும் ஒரு பங்கு வெறுங்கடி. ஆக அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் நடந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்தப் பேரெல்லாம் அவர் கணக்கில் ஏறிவிட்டது. மிளகு காரமில்லை, வேப்பிலை கசக்கவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்பதும் அப்படித்தான். பயத்தில் வாய் வறண்டவனுக்கு எதுவும் சுவைக்காது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, பிணம் எரிகிற புகையைப் பார்க்க மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் என்பார்கள். பாவம், அது மனிதனைக் கொல்லுகிற விஷமே இல்லாத பாம்பு, பல்லி பிடிக்க மரமேறுகிறது.

கோபத்தோடு சொல்வதென்றால் எனக்குக் கோபம் மந்திரத்தின்மேல் இல்லை, கயிற்றின்மேல்தான். ஒரு பையன், பவானிப் பக்கம், கடலைக்காய் பறிக்கையில் கைவிரலில் கடி. யாரோ மாட்டுக் கட்டுத்தரையில் கிடந்த பிளாஸ்டிக் கயிற்றை எடுத்து முழங்கைக்கு மேலே மாட்டுக்குத் தும்பு போடுகிற மாதிரி இறுக்கிவிட்டார்கள். அங்கே இங்கே போய் எங்களிடம் வந்தபோது ஐந்து மணி நேரம். கை நீலமாகி ஜில்லென்று இருந்தது. ரத்தம் நன்றாக உறைந்தது, கண் இமை தொங்கவில்லை, விஷத்துக்கு உரிய எதுவும் இல்லை. அடித்துக் கொண்டுவந்த பாம்பு சாரை. அந்தப் பையனுக்கு இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது. பாம்பு கடித்துப் பிழைத்தான் என்று ஊரில் சொல்கிறார்கள், அவன் பிழைத்தது கயிற்றிலிருந்து. யாராவது ஏற்கனவே கட்டிவிட்டால் வழியில் வெடுக்கென்று அவிழ்க்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் மருந்தும் ஆளும் பக்கத்தில் இருக்கும்போது மெதுவாக அவிழ்ப்பார்கள்.

இதுவரை சொன்னது ரத்தத்தைக் கெடுக்கிற விரியன். நரம்பைக் கட்டுகிற பாம்புக்குப் பிழைக்கிற விதமே வேறு. கட்டுவிரியனைச் சிலர் எட்டடி விரியன் என்பார்கள், கடிபட்டவன் எட்டு அடி வைப்பதற்குள் விழுந்துவிடுவானாம். நிஜத்தில் கடித்ததே பல பேருக்குத் தெரியாது. ராத்திரி தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பல் சின்னது, வலி கிடையாது, வீக்கமும் கிடையாது. விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பார்கள். அப்புறம் இமை விழும். தூக்கக் கலக்கம் என்று வீட்டார் நினைப்பார்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வோம்; இருபதுக்குப் போகிறவர் பத்தில் நிற்பார், கொஞ்ச நேரத்தில் ஐந்தில் நிற்பார். அதைப் பார்த்துத்தான் வென்டிலேட்டரைத் தயார் செய்வோம்.

அந்தியூர்ப் பக்கத்துத் தோட்டத்துச் சாளையிலிருந்து ஒரு அம்மா அப்படி வந்தார். நாற்பது வயது இருக்கும். வந்து ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது, குழாய் போட்டு மெஷினில் வைத்தோம். மறுநாள் கை அசையவில்லை, கால் அசையவில்லை, கிள்ளினால் முகம் சுளிக்கவில்லை. டார்ச் அடித்தால் கண்பாப்பா சுருங்கவில்லை. மூளைச்சாவு ஆன நோயாளி எப்படி இருப்பாரோ அப்படியே. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்காரர் வந்து நின்றார். “வூட்டுக்குக் கொண்டுட்டுப் போயிர்றமுங்க. உசுரு இருக்கறப்பவே ஊட்டுல கொண்டு போய்ப் போட்டுர்றமுங்க.” அவருடைய அண்ணன் எந்தக் காட்டில் குழி எடுப்பது என்பதுவரை கட்டில் பக்கத்திலேயே பேசினார்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசு. அவர் மட்டும் பிடிவாதமாக நின்றார். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியைக் கெடுத்துவிடும். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகாது, கண்பாப்பாவுக்கும்தான் போகாது. மூளை உள்ளே நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நுனி திரும்ப வளர்ந்து வரும்வரை மெஷின் மூச்சு விட்டால் போதும். மருந்தை இன்னும் இன்னும் ஏற்றிப் பிரயோஜனம் இல்லை, 20 குப்பிக்கு மேல் போக மாட்டார்கள். காத்திருப்பதுதான் வைத்தியம். ஆறாம் நாள் காலையில் படுக்கை மாற்றும்போது கால் கட்டைவிரல் அசைந்தது. நான் பார்த்தேன், என் கண்ணையே நம்பவில்லை, ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதினோராம் நாள் குழாயை எடுத்தோம். குரல் வந்ததும் அந்த அம்மா வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னது: “எல்லாத்தையுங் கேட்டுட்டுத்தானுங்க கெடந்தேன்.” அந்த மனுஷன் வெளியே போய்ப் பைப்படியில் நின்று அழுதார். அந்த அண்ணன்காரர் அதற்கப்புறம் வார்டுப் பக்கமே வரவில்லை.

அதிலிருந்து, அசையாமல் கிடக்கிற பாம்புக்கடி நோயாளி பக்கத்தில் யார் இப்படிக் கண்டதைப் பேசினாலும் நான் வெளியே அனுப்பிவிடுவேன். நாங்களே பேச்சுக் கொடுப்போம்: இப்போது மணி ஏழு, இன்று வியாழன், உங்கள் பையன் சாப்பிட்டுவிட்டான், இப்போது சளி எடுக்கிறோம், கொஞ்சம் இருமல் வரும்.

நல்ல பாம்பு விஷமும் நரம்பைத்தான் பிடிக்கும், ஆனால் தசைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு செய்தியை மறிக்கும், நுனியை அழிக்காது. அதனால் நரம்புச் செய்தியை வலுவாக்குகிற நியோஸ்டிக்மின் ஊசிக்கு அது இடம் கொடுக்கும். நேரத்துக்கு வந்தால் மீளுகிற வேகத்தைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கும். சுருட்டை விரியன் காங்கேயம், தாராபுரம் மாதிரி வறண்ட காட்டில், கல்லுக்கு அடியில் இருக்கும். ஒரு சாண் பாம்பு என்று அலட்சியம் செய்துவிட்டு நாலு நாள் கழித்து ஈறில் ரத்தம் என்று வருவார்கள். வால்பாறை எஸ்டேட்காரர்களுக்கு வேறு தலைவலி: மலையில் இருக்கிற கூன்மூக்குக் குழிவிரியனுக்கு நம் விஷமுறிவு மருந்து வேலை செய்யாது, வருகிற தொந்தரவுக்கு ஏற்ப வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது உங்கள் அப்பா. விஷம் இறங்கிவிட்டதா என்றால், இறங்கிவிட்டது. மூன்று மாதம் கழித்து உடம்பில் விஷம் ஒன்றும் சுற்றிக்கொண்டிருக்காது. சிலர் வருடா வருடம் அதே மாதத்தில் விஷம் ஏறும் என்று பத்தியம் வைப்பார்கள், அதெல்லாம் வேண்டாம். ஆனால் விஷம் போய்விட்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

கிட்னி முதலில். டயாலிசிஸ் நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் கிட்னி தேறிவிடும். சிலருக்குப் பாதி தேறி நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மூத்திரம் நன்றாகப் போகிறது என்பது தேறியதற்கு அத்தாட்சி கிடையாது. கிரியேட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு என்பது), மூத்திரத்தில் புரதம், ரத்த அழுத்தம் மூன்றையும் டாக்டர் சொன்ன தேதியில் பார்த்துக்கொண்டே இருங்கள், ஒரு வருடமாவது. என்னுடைய டயாலிசிஸ் பிரிவில் வாரத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டிருந்த ஒருவர், முன்னால் பாம்பு கடித்துப் பிழைத்தவர். வீட்டுக்குப் போன பிறகு நாலு வருடம் எதையும் சோதிக்கவில்லை. கால் வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையைத் தினமும் போட்டிருக்கிறார். உங்கள் அப்பாவுக்கும் அந்தக் கால் வலிக்கும், மழைக்காலத்தில் கடுக்கும். டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை, ஊசி எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

அடுத்தது யாரும் சொல்லாதது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. தைராய்டு முதல் ஆண்மை, பெண்மைச் சுரப்புகள் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் மேஸ்திரி. கடுமையான கண்ணாடி விரியன் கடியில் சிலருக்கு அது ரத்த ஓட்டம் இல்லாமல் கெட்டுவிடும். தெரிவது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கழித்து. சோர்வு, குளிர் தாங்காமை, பசியின்மை, எழுந்து நின்றால் தலை சுற்றல், முடி கொட்டுதல், ஆண்களுக்குத் தாடி வளர்வது குறைதல், பெண்களுக்குத் தீட்டு நின்றுபோதல். “பாம்பு கடிச்சதுலருந்து ஆளே ஒரு மாதிரி ஆயிட்டாரு” என்று ஊரில் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். சோம்பேறி என்று பேர் வாங்கியவரும் உண்டு. இதற்கு டி.எஸ்.எச். என்கிற வழக்கமான தைராய்டு சோதனை மட்டும் பார்த்தால் நார்மல் என்று வந்து ஏமாற்றும். டி4, காலை நேரக் கார்டிசால் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையில் சமாளிக்கலாம். டாக்டரிடம் போகும்போது பாம்பு கடித்ததை நீங்களாகவே சொல்லுங்கள், இரண்டு வருடம் கழித்துப் போனாலும் சொல்லுங்கள்.

மருந்து ஏற்றி ஒரு வாரம், பத்து நாளில் சிலருக்குக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வரும். குதிரையின் புரதத்தை உடம்பு ஏற்காததால் வருவது, விஷம் திரும்பியதால் வருவதில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. காலில் புண் ஆறாமல் இருந்தாலோ, கணுக்கால் மடங்காமல் விறைத்திருந்தாலோ ஆபரேஷன், உடற்பயிற்சி எல்லாம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

பயம். அதையும் நோய்க் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். கடித்த இடத்துக்குப் போகாமை, ராத்திரி போர்வையை உதறிக்கொண்டே இருப்பது, தூக்கத்தில் கத்துவது. ஆண்கள் வெளியில் சொல்ல மாட்டார்கள். தண்ணி கட்டப் போகாமல் இருக்க ஆயிரம் சாக்குச் சொல்வார்கள். கேலி செய்யாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார், அதற்கும் சீட்டு போட்டுப் பார்க்கலாம்.

ஒருமுறை கடித்துவிட்டதால் அடுத்த கடிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. திரும்பக் கடித்தால் திரும்ப அதே மருந்து ஏற்றலாம், அலர்ஜிக்கு மட்டும் தயாராக இருப்பார்கள். கடித்தால் செய்ய வேண்டியதும் சின்னதுதான். மெட்டி, மோதிரம், வளையல் கழற்றுவது, கடிபட்ட காலை அசைக்காமல் வைப்பது, நடக்க விடாமல் தூக்கிப் போவது, 108-க்குக் கூப்பிடுவது. வண்டி வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். கீறுவது, உறிஞ்சுவது, வழியில் வலிக்கு ஊசி போடுவது எதுவும் வேண்டாம்; ரத்தம் உறையாதவனுக்குப் புட்டத்தில் போட்ட ஊசி தேங்காய் அளவு வீங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். பாம்பைப் பிடித்து வரவும் வேண்டாம், வெட்டிய தலைகூடக் கடிக்கும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வாருங்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது, வருடத்துக்குச் சராசரி 58,000. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அதாவது தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குக் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி வைப்பது என்று தெரியும். என் காலத்தில் இதை ஒரு நீல நோட்டில் நாங்களே எழுதி வைத்திருந்தோம், யாரும் கேட்டதில்லை.

கடைசியாக இரண்டு வேலை சொல்கிறேன். அந்தத் தட்டுப் போரைப் பகலில், பூட்ஸ் போட்டு, நீளக் கம்பால் தட்டித் தட்டிப் பிரித்து, சாளையிலிருந்தும் கட்டுத்தரையிலிருந்தும் தள்ளி, நாலு கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கிப் போடுங்கள். அடியில் எலி வளை இருந்தால் அதையும் மூடுங்கள். பாம்பு வந்தது எலிக்காகத்தான், உங்கள் அப்பாவுக்காக இல்லை. அப்புறம், டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை குப்பி ஏற்றினார்கள், மருந்துக்கு அலர்ஜி வந்ததா, கடைசிக் கிரியேட்டினின் எவ்வளவு என்று இருக்கும். அதை லேமினேட் பண்ணிச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிடாதீர்கள். நாலு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அப்பாவின் சட்டைப் பையிலேயே போட்டு வையுங்கள். அடுத்த டாக்டர் அதன்மேல் எழுத இடம் வேண்டும்.